புதுசா வாங்குன மீன் குஞ்சு மூணே நாள்ல சாகுதா? பரங்கிப்பேட்டை 'நீமோ' மீன்கள் சொல்லும் பாடம்!

கடலூரில் ஒரு கடையில் ஆசையாக மீன் வாங்கியாச்சு. பாலித்தீன் கவரில் தண்ணீரோடு கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்து நெல்லிக்குப்பம் வரை கொண்டுவந்து, வீட்டுத் தொட்டியில் விட்டாச்சு. முதல் நாள் துறுதுறுன்னு ஓடுது. ரெண்டாவது நாள் ஒரு மூலையில் ஒதுங்குது. மூணாவது நாள் காலையில் பார்த்தால் மிதக்குது.

கடைக்காரர் நோய் பிடித்த மீனைக் கொடுத்துவிட்டார் என்று ஒருவர் சொல்வார். நம்ம வீட்டுக்கு மீன் ராசியே இல்லை என்று இன்னொருவர் சொல்வார். தொட்டி மொட்டை மாடிக்குப் போய்விடும். ஆனால், பெரும்பாலான வீடுகளில் மீனைக் கொல்வது நோயும் இல்லை, ராசியும் இல்லை. தண்ணீர்தான். ஒரு தண்ணீரில் இருந்து இன்னொரு தண்ணீருக்கு அவசரமாக மாற்றுவதும், தயாராகாத தொட்டியில் மீனை விடுவதும்தான் முக்கியமான காரணங்கள்.

இதைப் புரிந்துகொள்ள அதே கடலூர் மாவட்டத்தில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சிதம்பரத்துக்கு அருகே உள்ள பரங்கிப்பேட்டையில் வளர்க்கப்பட்ட 'நீமோ' மீன்கள். அந்த மீனை வைத்தே, ஒரு மீன் குஞ்சை எப்படித் தொட்டிக்குப் பழக்குவது, முதல் ஒரு மாதம் எப்படிக் காப்பாற்றுவது என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

பரங்கிப்பேட்டையில் நீமோ

2003-ல் வெளியான 'ஃபைண்டிங் நீமோ' படத்தால் உலகம் முழுக்கப் பிரபலமானது கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டைகள். கடல் சாமந்தி என்ற உயிரினத்தின் நடுவே ஒளிந்து வாழும். இந்தியாவில் இந்த வகை இயற்கையாக இருப்பது அந்தமான் நிக்கோபார் பவளத்திட்டுகளில். பரங்கிப்பேட்டையோ வெள்ளாறு கடலில் கலக்கும் முகத்துவாரம். பவளத்திட்டுக்குப் பேர்போன ஊர் அல்ல.

இங்குதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. இந்த மையத்தின் ஆய்வாளர்கள் டி.டி.அஜித்குமார், டி.பாலசுப்பிரமணியன் ஆகியோர் 2009-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். கோமாளி மீன்களைச் சினை மீன்களாகப் பராமரித்து, முட்டையிட வைத்து, குஞ்சுகளை வளர்த்தெடுத்தது பற்றிய கட்டுரை அது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் பயன்படுத்திய தண்ணீர். அது ஆழ்கடல் தண்ணீர் அல்ல, முகத்துவாரத் தண்ணீர்.

முகத்துவாரத் தண்ணீர் என்றால் ஆற்று நீரும் கடல் நீரும் கலந்தது. சராசரிக் கடல் நீரில் ஒரு லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். முகத்துவாரத்தில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகினால் இன்னும் குறையும். கோடையில் கூடும்.

அப்படின்னா, பவளத்திட்டு மீனுக்கு உப்பு குறைந்த தண்ணீரிலும் வாழ முடியும், குடும்பம் நடத்தவும் முடியும். ஆனால் ஒரு தண்ணீருக்குப் பழகிய மீனை நிமிஷத்தில் வேறு தண்ணீரில் தள்ளிவிட முடியாது. மீனைப் பொறுத்தவரை தண்ணீர் மாறுவது பெரிய பிரச்னை இல்லை. சட்டென்று மாறுவதுதான் பிரச்னை.

சட்டென்று மாறினால் உள்ளே என்ன நடக்கும்?

கடல் மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு, வெளியே இருக்கும் கடல் நீரில் உள்ளதைப் போல ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் மீனின் உடலில் உள்ள தண்ணீர் எப்போதும் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட கடல் மீன் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். கூடுதல் உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றும். நன்னீர் மீனுக்கு இது அப்படியே தலைகீழ். தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். அதைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்கும்.

இந்த வேலையின் வேகத்தை மீன் மெதுவாகத்தான் மாற்றிக்கொள்ளும். அதற்கு நேரம் கொடுக்காமல் உப்பைத் திடீரென்று கூட்டினால், தண்ணீருக்குள் இருந்துகொண்டே மீன் வறண்டு போகும். உப்பு குறைவதைக் கோமாளி மீன் ஓரளவு தாங்கும். கூடுவதைத் தாங்குவது கஷ்டம். வெப்பநிலையும் பிஹெச் எனப்படும் அமிலக் காரத் தன்மையும் திடீரென்று மாறினாலும் இதே மாதிரி அதிர்ச்சிதான்.

குஞ்சு மீனுக்கு இது இன்னும் ஆபத்து. உடம்பு சிறிசு, சேமித்து வைத்த சக்தி குறைவு. ஏற்கெனவே கவருக்குள் பயந்துபோய் இருக்கும் மீன், மேலும் ஒரு அடியைத் தாங்காது.

ஒரு குஞ்சு கடைக்கு வருவதற்குள்...

கோமாளி மீன் ஓடு, பானைத் துண்டு போன்ற கடினமான பரப்பில் முட்டையிடும். செட்டையால் விசிறிவிட்டு முட்டைகளைக் காப்பது பெரும்பாலும் ஆண் மீன்தான். சுமார் ஒரு வாரத்தில், இருட்டிய பிறகு முட்டைகள் பொரியும்.

வெளிவரும் குஞ்சு சில மில்லிமீட்டர் நீளம்தான். கண்ணாடி மாதிரி இருக்கும். அதன் வாய்க்குள் நுழையும் உணவு ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர். சில நாள் கழித்துத்தான் ஆர்ட்டீமியா எனும் உப்பு இறால் குஞ்சைத் தின்னும். முதல் சில நாட்களில்தான் அதிகக் குஞ்சுகள் இறக்கும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஆரஞ்சு நிறமும் வெள்ளைப் பட்டையும் தெரியத் தொடங்கும். ஓரளவு வளர்ந்து விற்பனைக்கு வரச் சில மாதங்கள் ஆகும்.

இவ்வளவு கவனத்தில் வளர்ந்த மீனை ஒரு அரை மணி நேர அவசரத்தில் இழக்கிறோம் என்பதுதான் வேதனை. நல்ல பராமரிப்பில் கோமாளி மீன் 10 ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும்.

மீனுக்கு முன்னாடி தண்ணீர் தயாரா?

தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்கக் கூடாது. இதுதான் முதல் விதி.

மீனின் கழிவில் இருந்தும் மிச்ச உணவில் இருந்தும் அம்மோனியா வரும். மீனுக்கு அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இது ஓரளவு வரை ஆபத்தில்லை. இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் குடியேறிப் பெருக 3 முதல் 6 வாரம் வரை ஆகும். இதைத்தான் கடைக்காரர்கள் 'டேங்க் சைக்கிளிங்' என்கிறார்கள்.

புதுத் தொட்டியில் தண்ணீர் பளிங்கு மாதிரி தெரியும். ஆனால் உள்ளே அம்மோனியாவைத் தின்ன ஆளே இல்லை. மூணாவது நாள் மீன் மிதப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

● மீன் இல்லாமலே ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும், பாக்டீரியா வளரும்.
● டெஸ்ட் கிட் வாங்கிப் பாருங்கள். நைட்ரேட் வரத் தொடங்கி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்துக்கு வந்த பிறகே மீன் வாங்கக் கிளம்பணும்.
● ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டி உள்ள நண்பரிடம் இருந்து பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச் ஒரு துண்டு வாங்கி வைத்தால் வேலை சீக்கிரம் முடியும். அந்தத் தொட்டியில் நோய் இருக்கக் கூடாது.
● கடல் மீனுக்கு ஆர்ஓ தண்ணீரில் மரைன் சால்ட் கலந்து பயன்படுத்துங்கள். சமையல் உப்பு, கல்லுப்பு எதுவும் வேண்டாம். கடல் நீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம் போன்றவை அதில் போதுமான அளவில் இருக்காது.

கடையில் என்ன பார்க்கணும்?

உணவு போடச் சொல்லிப் பாருங்கள். ஓடி வந்து தின்னும் குஞ்சை எடுங்கள். செவுள் வேகமாக அடித்துக்கொள்வது, செட்டையை உடம்போடு ஒட்டி வைத்திருப்பது, தோலில் வெள்ளைப் புள்ளி, சளி மாதிரி படலம் இருந்தால் அந்தத் தொட்டியில் எந்த மீனும் வேண்டாம்.

அப்புறம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, இது ஹேச்சரியில் வளர்ந்ததா, கடலில் பிடித்ததா? ஹேச்சரிக் குஞ்சு தொட்டிக்கும் கடை உணவுக்கும் பழகியிருக்கும். பவளத்திட்டில் இருந்து ஒரு மீனும் குறையாது. இரண்டாவது, கடைத் தொட்டியில் உப்பு அளவு எவ்வளவு? பரங்கிப்பேட்டை உதாரணத்தில் பார்த்தோமே, குறைந்த உப்பில் வளர்ந்த குஞ்சாகவும் அது இருக்கலாம். கடையின் அளவு தெரிந்தால், மீன் வரும் முன்பே வீட்டுத் தொட்டியின் உப்பை அதற்குச் சமமாக வைத்துவிடலாம். பிறகு சில நாட்களில், கொஞ்சம் கொஞ்சமாக நீங்கள் விரும்பும் அளவுக்கு உயர்த்தலாம்.

கவரில் இருந்து தொட்டிக்கு: படிப்படியாக

கடலூரில் இருந்து நெல்லிக்குப்பம், பண்ருட்டி, சிதம்பரம் என ஒன்றிரண்டு மணி நேரத்தில் வீடு வந்து சேரும் மீனுக்கான முறை இது.

1. தொட்டி லைட்டை அணையுங்கள். அறையிலும் வெளிச்சம் குறைவாக இருக்கட்டும்.

2. கவரைத் திறக்காமல் தொட்டித் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். இரண்டு பக்கமும் சூடு சமமாகும். ஜன்னல் வெயில் கவர் மேல் படக் கூடாது.

3. சோப்பு படாத சுத்தமான சின்ன வாளியில் மீனையும் கவர்த் தண்ணீரையும் மெதுவாகச் சாய்த்து விடுங்கள்.

4. ஏர் டியூபின் ஒரு முனையைத் தொட்டியில் போட்டு, மறுமுனையை வாளிக்கு இறக்குங்கள். டியூபில் ஒரு முடிச்சு போட்டு, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவது போல வினாடிக்கு 2, 3 சொட்டு விழும்படி செய்யுங்கள்.

5. வாளித் தண்ணீர் முன்பிருந்ததைப் போல இரண்டு மடங்கு ஆனதும் பாதியை வெளியே ஊற்றிவிட்டு மீண்டும் சொட்டவிடுங்கள். மொத்தம் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை போதும். உப்பு அளவும் சூடும் சமமாகிவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள்.

6. சின்ன கப்பாலோ மென்மையான வலையாலோ மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். கவர்த் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிடாதீங்க. கடைத் தொட்டியின் நோய்க்கிருமி அதில் வரலாம்.

7. அன்று முழுக்க லைட் வேண்டாம், உணவும் வேண்டாம். மறுநாள் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள்.

பார்சலில் வந்த மீனுக்கு இது பொருந்தாது!

சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் இருந்து ஆர்டர் போட்டு, பல மணி நேரம் கவருக்குள்ளேயே இருந்து வரும் மீனுக்கு மேலே சொன்ன சொட்டு முறை எமனாகலாம். பலரும் தவறு செய்வது இங்குதான்.

மூடிய கவருக்குள் மீன் மூச்சுவிட விட கார்பன் டை ஆக்சைடு சேரும். அதனால் தண்ணீரின் பிஹெச் குறையும். மீனின் கழிவால் அம்மோனியாவும் சேரும். ஆனால் பிஹெச் குறைவாக இருக்கும்போது, அந்த அம்மோனியாவில் பெரும்பகுதி அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியம் வடிவில் இருக்கும்.

கவரைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், பிஹெச் ஏறும். அம்மோனியம் கொடிய அம்மோனியாவாக மாறத் தொடங்கும். அந்தத் தண்ணீரிலேயே ஒரு மணி நேரம் வைத்துச் சொட்டவிட்டால், பழக்குகிறோம் என்று நினைத்து விஷத்தில் ஊறப்போடுகிறோம் என்று அர்த்தம்.

எனவே நீண்ட பயணம் வந்த மீனுக்கு, விற்பவரிடம் உப்பு அளவை முன்பே கேட்டுத் தொட்டியை அதற்குச் சமமாகத் தயார் செய்யுங்கள். கவரைத் திறக்காமல் மிதக்கவிட்டு சூட்டை மட்டும் சமமாக்குங்கள். திறந்ததும் தாமதிக்காமல் மீனை மட்டும் எடுத்துப் புதுத் தண்ணீரில் விடுங்கள்.

முதல் ஒரு மாதம்: கவனிக்க வேண்டியவை

ஏற்கெனவே மீன் உள்ள தொட்டியாக இருந்தால், புது மீனை நேராக அதில் விடாமல் தனித் தொட்டியில் 2 முதல் 4 வாரம் வைப்பது நல்லது. அதற்கும் பழகிய ஃபில்டர் வேண்டும்.

குஞ்சின் வயிறு சிறியது. ஒரே வேளையில் நிறையப் போடுவதைவிட, ஒரு நாளைக்கு 3, 4 முறை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். மிச்சம் கிடந்தால் எடுத்துவிடுங்கள். பசியால் சாகும் மீனைவிட, மிச்ச உணவு அழுகிய தண்ணீரால் சாகும் மீன்தான் அதிகம்.

வாரம் ஒருமுறை 10 முதல் 15 சதவீதம் தண்ணீர் மாற்றினால் போதும். தொட்டியை மொத்தமாகக் காலி செய்து, கல்லையெல்லாம் தேய்த்துக் கழுவும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அப்படிச் செய்தால் நல்ல பாக்டீரியாவும் போய்விடும். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினால் போதும்.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், மருந்தைத் தேடாமல் முதலில் அம்மோனியாவைச் சோதியுங்கள். ஏர் பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். உடம்பில் புள்ளியோ படலமோ வந்தால் மட்டுமே நோய்க்கான சிகிச்சை.

கடலூர் வெயில், கரன்ட் கட்... எப்படிச் சமாளிப்பது?

கோமாளி மீனுக்கு 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் ஏற்றது. அக்னி நட்சத்திர நாட்களில் மூடிய அறையில் தொட்டி நீர் அதைத் தாண்டிவிடும். தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறையும். மூடியைத் திறந்து வைத்து, நீர்ப்பரப்பின் மேல் சின்ன மின்விசிறியை ஓடவிட்டால் ஓரிரு டிகிரி குறையும். ஐஸ் கட்டியைத் தொட்டியில் கொட்டாதீங்க; அதுவும் திடீர் மாற்றம்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எனவே குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆவியானதற்கு ஈடாக ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றணும்.

அடுத்தது மின்தடை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது கடலூர் மாவட்டத்தின் பல பகுதிகள் பல நாட்கள் இருளில் கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். கரன்ட் இல்லாதபோது உணவை நிறுத்துங்கள். அதுவும் இல்லையென்றால், ஒரு மக்கில் தொட்டித் தண்ணீரை மொண்டு சற்று உயரத்தில் இருந்து மெல்ல ஊற்றிக்கொண்டிருங்கள், காற்று கலக்கும். வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர் பல மணி நேரம் நின்றுபோயிருந்தால், உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் மறுபடி போடணும்.

கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் வைத்திருப்பவர்களுக்கு?

எல்லாரும் நீமோ வாங்கப்போவதில்லை. முதல் முறை மீன் வளர்ப்பவர்கள் நன்னீர் மீனில் தொடங்குவதே நல்லது. மேலே சொன்ன தொட்டித் தயாரிப்பு, கவர் முறை, உணவு அளவு எல்லாம் அப்படியே பொருந்தும். உப்புக் கலவை மட்டும் தேவையில்லை.

கூடுதலாகக் கவனிக்க வேண்டியது குளோரின். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்திருந்தால் அது செவுளை அரிக்கும். ஒரு நாள் முழுக்கத் திறந்த வாளியில் ஏர் பம்ப் போட்டு வைத்தோ, கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தைப் பாட்டிலில் சொன்ன அளவில் கலந்தோ பயன்படுத்துங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் சில்வர் பீச்சில் இருந்து கடல் நீர் எடுத்து வந்து ஊற்றலாமா?
வேண்டாம். கரையோரத் தண்ணீரில் ஆற்று நீரும் கழிவும் கிருமியும் கலந்திருக்கும். உப்பு அளவும் நாளுக்கு நாள் மாறும். ஹேச்சரிகளில் இயற்கை நீரை வடிகட்டி, கிருமி நீக்கிய பிறகே பயன்படுத்துவார்கள். வீட்டில் அந்த வசதி இருக்காது.

நீமோவுக்குக் கடல் சாமந்தி கட்டாயமா?
இல்லை. கடலில் எதிரிகளிடம் இருந்து தப்பிக்க அது தேவை. தொட்டியில் எதிரி இல்லை. கடல் சாமந்தியை வளர்ப்பது மீன் வளர்ப்பதைவிடக் கடினம்.

எத்தனை மீன் வாங்கலாம்?
கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆண்தான். கூட்டத்தில் பெரிதாக இருப்பது பெண்ணாக மாறும். எனவே ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டு குஞ்சு வாங்கினால், நாளடைவில் ஜோடி சேரும். மூன்றாவதைச் சேர்த்தால் அடிதடிதான். இரண்டு மீனுக்கு சுமார் 75 லிட்டர் தொட்டி வேண்டும்.

அழகுக்கு உயிருள்ள பவளம், கடல் குதிரை வாங்கலாமா?
இந்தியக் கடலில் எடுத்த பவளமும் கடல் குதிரையும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றமாகலாம். யாராவது விற்றாலும் வாங்காதீங்க.

சுருக்கமாக...

மீன் வாங்கும் முன் ஒரு மாதம் தொட்டியைத் தயார் செய்யுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் பொறுமையாக இருங்கள். பிறகு ஒரு மாதம் உணவையும் தண்ணீரையும் அளந்து கொடுங்கள். பவளத்திட்டு மீன் வெள்ளாற்று முகத்துவாரத் தண்ணீரில் குஞ்சு பொரித்து வளர முடியும் என்றால், நெல்லிக்குப்பத்தில் ஒரு வீட்டுக் கூடத்திலும் நிச்சயம் வளர முடியும். அதற்கு அவகாசம் கொடுக்க வேண்டியது நாம்தான்.